யாருக்கு அது இரைச்சல்?

இளங்கலை இயற்பியல் முதலாண்டில் எங்களுக்குப் பருப்பொருள் பண்புகளும் ஒலியியலும் சேர்ந்த ஒரு தாள் இருந்தது. ஒலியியலின் முதல் வகுப்பில் பேராசிரியர் கரும்பலகையின் நடுவில் ஒரு கோடு போட்டார். இடப்பக்கம் ‘இசை’, வலப்பக்கம் ‘இரைச்சல்’. சீரான அதிர்வுகளால் எழுவது இசை, அது காதுக்கு இனிமையானது. சீரற்ற அதிர்வுகளால் எழுவது இரைச்சல், அது காதுக்கு உவப்பில்லாதது. எடுத்துக்காட்டுகள் சொல்லுங்கள் என்றார். இசையின் பக்கம் வீணை, வயலின், புல்லாங்குழல் என்று நிரம்பியது. இரைச்சலின் பக்கம் லாரி ஹாரன், சந்தைக் கூச்சல், தறிச் சத்தம். பின்வரிசையிலிருந்து ஒருவன் “சாவு மேளம் சார்” என்றான். வகுப்பே சிரித்தது. பேராசிரியரும் சிரித்துக்கொண்டே அதை எழுதினார்.

நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயம். என் தாத்தா அந்தச் சாவு மேளம் அடித்தவர்.

உடுமலைப்பேட்டையிலிருந்து மடத்துக்குளம் போகும் சாலையை ஒட்டிய ஓர் அருந்ததியர் குடியிருப்பு எங்களுடையது. பறையை எங்கள் பக்கம் தப்பு, தப்பட்டை என்போம். ஊருக்குள் யார் செத்தாலும் தாத்தாவுக்கு ஆள் வரும். மாரியம்மன் நோன்பு சாட்டினாலும் வரும். வர முடியாது என்று சொல்லும் உரிமை அவருக்கு இல்லை. கூலி பேசும் உரிமையும் இல்லை. கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். அப்பா இளவட்டமாக இருந்தபோது ஒருநாள் அந்தத் தப்பைத் தூக்கி அட்டாலியில் போட்டுவிட்டு, இனி இந்த வீட்டில் யாரும் இதைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். பிறகு மில்லுக்கு லோடு ஏற்றப் போனார். எனக்குத் தெரிந்து தப்பு என்பது அட்டாலியில் தூசி படிந்து கிடந்த ஒரு வட்டம், அவ்வளவுதான்.

அந்தக் கரும்பலகைக் கோடு எனக்குள் பல ஆண்டுகள் கிடந்தது. அது இயற்பியல் போட்ட கோடா, வேறு யாரோ போட்ட கோடா? முதுகலை முடிக்கும்போது விடை கிடைத்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் இயற்பியல் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். இழுத்துக் கட்டிய ஒரு கம்பியைச் சுண்டினால் அது ஒரே அதிர்வெண்ணில் மட்டும் அதிர்வதில்லை. அடிப்படை அதிர்வெண் 100 ஹெர்ட்ஸ் என்றால், கூடவே 200, 300, 400 என்று முழு எண் மடங்குகளிலும் அதிரும். இவற்றைச் சீரிசைகள் என்கிறோம். முழு எண் மடங்குகளாக இருப்பதால் நம் காது இவற்றைத் தனித்தனியாகக் கேட்காமல் ஒரே சுரமாகச் சேர்த்துக் கேட்கிறது. வட்டமாக இழுத்துக் கட்டிய தோல் அப்படி அதிராது. அதன் அதிர்வெண்கள் 1, 1.59, 2.14, 2.30, 2.65 என்ற விகிதத்தில் போகும். இவை ஒன்றோடொன்று பொருந்தாத எண்கள். ஆகவே காதுக்குத் திட்டமான ஒரு சுரம் பிடிபடுவதில்லை.

அந்தக் கோட்டுக்கு இருக்கும் அறிவியல் அடிப்படை இவ்வளவுதான். கணக்கில் பிழையில்லை. ஆனால் தோலின் அந்த ஒவ்வோர் அதிர்வும் தனித்தனியே சீரானதுதான். சீரற்றது என்று எந்தச் சமன்பாடும் சொல்லவில்லை. ‘இனிமையானது’, ‘உவப்பில்லாதது’ என்ற தீர்ப்பும் சமன்பாட்டிலிருந்து வரவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். கோயில் மணியின் மேற்சுரங்களும் முழு எண் மடங்குகளில் அமைவதில்லை. ஜால்ராவும் அப்படித்தான். அவற்றை இரைச்சலின் பக்கம் எழுதச் சொல்லி எங்கள் வகுப்பில் யாரும் கை தூக்கவில்லை. கை தூக்கும்போது நமக்குள் வேலை செய்தது ஒலியியல் அல்ல. அந்தக் கருவி எந்தத் தெருவில் இருக்கிறது, அதை அடிப்பவர் யார் என்ற அறிவு அது. வகுப்புக்கு வரும் முன்பே அதைப் படித்துவிட்டு வந்திருந்தோம்.

முதுகலை படிக்கும்போது சர் சி.வி. ராமனின் பழைய ஆய்வுகள் கண்ணில் பட்டன. ராமன் என்றால் நமக்கு ஒளிச்சிதறலும் 1930ஆம் ஆண்டு நோபல் பரிசும்தான் நினைவுக்கு வரும். கல்கத்தாவில் இருந்த ஆண்டுகளில் அவர் இசைக்கருவிகளின் இயற்பியலிலும் ஆழமாக உழைத்தவர். வயலின், வீணை, தம்புரா என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். 1920இல் சிவகாளி குமார் என்பவரோடு சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டார். 1934இல் இந்திய அறிவியல் கழகத்தின் இதழில் விரிவான கட்டுரை எழுதினார். இரண்டுக்கும் பொருள் மிருதங்கமும் தபலாவும். தோல் கருவியில் சீரிசை கிடைக்காது என்ற பொதுவிதியை இந்த இரண்டும் எப்படி மீறுகின்றன என்பதுதான் அவருடைய கேள்வி.

விடை, மிருதங்கத்தின் வலந்தலையில் நாம் எல்லோரும் பார்த்த அந்தக் கறுப்பு வட்டத்தில் இருக்கிறது. நடுவில் தடித்தும் ஓரத்தில் மெலிந்தும் ஏற்றப்படும் அந்தப் பாரம் தோலின் அதிர்வெண்களை இடம் நகர்த்துகிறது. பொருந்தாமல் கிடந்த முதல் ஒன்பது அதிர்வு முறைகள், 1, 2, 3, 4, 5 என்ற ஐந்து சீரிசைகளாக வந்து சேர்ந்துவிடுகின்றன. இதைத்தான் ராமன் காட்டினார். படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. ஒரு வட்டத் தோலில் எங்கே எவ்வளவு எடை கூட்டினால் ஒன்பதும் ஐந்தாகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், அது எவ்வளவு கடினம் என்று தெரியும்.

அந்தக் கணக்கைக் கையால் போட்டவர்கள் யார்? கிட்டான் கல்லைப் பொடியாக்கி, சோற்றோடு பிசைந்து, ஒரு பூச்சு தடவி, கல்லால் தேய்த்து, காயவிட்டு, மறுபடி ஒரு பூச்சு தடவி, ஒவ்வொரு பூச்சுக்கும் தட்டிக் கேட்டுக் கேட்டுச் சரிபார்ப்பவர்கள். மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் எருமைத்தோலும் எது எங்கே வேண்டும் என்று தொட்டே சொல்பவர்கள். அவர்களில் பலர் தலித்துகள், தலித் கிறித்தவர்கள். ராமன் 1922இல் எழுதிய ஒரு கட்டுரையின் தலைப்பே ‘பண்டைய இந்துக்களின் ஒலியியல் அறிவு’ என்ற பொருளில் அமைந்தது. அறிவுக்குரிய பெருமை பண்டைய இந்துக்களிடம் போய்விட்டது. கறுப்பு வட்டத்தைத் தேய்த்துக்கொண்டிருந்த கை மட்டும் பண்டையது அல்ல. அது அன்றைக்கும் உயிரோடு, தெரு ஓரத்தில் வேலை செய்துகொண்டிருந்தது.

அந்தக் கைகளின் கதையை டி.எம். கிருஷ்ணா 2020இல் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்ற நூலாக எழுதினார். பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த பர்லாந்து உள்ளிட்ட கைவினைஞர்களை அதில் காணலாம். அந்நூலின் வெளியீட்டு விழாவுக்கு அரங்கம் தர ஒப்புக்கொண்ட கலாஷேத்ரா, கடைசி நேரத்தில் அனுமதியைத் திரும்பப் பெற்றது. விழா சென்னையில் ஆசிய இதழியல் கல்லூரியில் நடந்தது. மிருதங்கத்தின் ஒலிக்கு அரங்கம் உண்டு, அதன் தோலைப் பற்றிய பேச்சுக்கு இல்லை.

சரி, மிருதங்கத்துக்குக் கிடைத்த ஆய்வு பறைக்கு ஏன் கிடைக்கவில்லை? அதில் ஆராய ஒன்றும் இல்லையா? எத்தனையோ இருக்கிறது. பறையை அடிக்கும் முன் நெருப்பில் காய்ச்சுகிறார்கள். ஈரம் வெளியேறுவதால் தோல் இறுகுகிறது, எடையும் குறைகிறது. இழுவிசை கூடினால் அதிர்வெண் கூடும். அதுவும் நேர் விகிதத்தில் அல்ல. இழுவிசை நான்கு மடங்கானால்தான் அதிர்வெண் இரு மடங்காகும். மழைக்கால இரவில் எவ்வளவு நேரம் காய்ச்ச வேண்டும், தோல் வெடித்துவிடாமல் எப்போது நிறுத்த வேண்டும் என்பதை அடிப்பவர் விரலால் தட்டிக் கேட்டே முடிவு செய்கிறார். இன்னொன்று, இரண்டு குச்சிகள். தடித்த அடிக்குச்சி நடுவில் விழும்போது, வட்டத்தின் விட்டங்களை அசையாத கோடுகளாகக் கொண்ட அதிர்வுகள் எழுவதில்லை. கனத்த ஒலி கிடைக்கிறது. மெல்லிய நீண்ட குச்சி ஓரத்தில் விழும்போது உயர் அதிர்வுகள் பொங்கி எழுகின்றன. ஒரே தோலில் இரண்டு குரல். எங்கள் ஆய்வகத்தில் சோனாமீட்டரும் இசைக்கவையும் இருந்தன. பக்கத்தில் ஒரு பறையை வைத்தால் அதே பாடத்தை இன்னும் ஒரு படி மேலே போய்க் கற்கலாம்.

பறை அதிகச் சத்தம், நுட்பம் இல்லை என்பார்கள். திறந்தவெளியில் தொலைவு இரு மடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும் என்பது பாலபாடம். சுவரும் கூரையும் உள்ள அரங்கில் எதிரொலிப்புகள் ஒலியைத் தாங்கிப் பிடிக்கும். வயல்வெளியில் அப்படித் தாங்க எதுவும் இல்லை. பறை என்ற சொல்லுக்கே ‘சொல்’ என்று பொருள். அடுத்த ஊருக்குச் சேதி சொல்ல வேண்டிய கருவி அந்த வேலைக்கு ஏற்ற வலிமையோடு செய்யப்பட்டிருக்கிறது. அதை அரங்கக் கருவியின் அளவுகோலால் அளந்துவிட்டு முரட்டுக் கருவி என்பது அறிவியல் இல்லை. இத்தனைக்கும் அந்த அரங்குகளின் கதவுகள் யாருக்கு மூடியிருந்தன என்பது நமக்குத் தெரியும்.

அரங்கு மட்டுமல்ல, நம் சொந்த வீட்டுக் கல்யாணத்தில்கூட எந்த ஒலி எழலாம் என்பதைச் சாதிதான் முடிவு செய்திருக்கிறது. 1930–31இல் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்கள் மீது ஆதிக்கச் சாதியினர் விதித்த தடைகளின் பட்டியல் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. சட்டை போடக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்பு அணியக்கூடாது என்று நீளும் அந்தத் தடைகளில், திருமணத்தில் மேளம் வாசிக்கக்கூடாது என்பதும் ஒன்று. ஊரான் சாவுக்கு அடித்தே ஆக வேண்டும், நம் கல்யாணத்துக்கு ஒலி எழக்கூடாது. ஒரே மனிதரின் மீது இரண்டு கட்டளைகள்.

அதனால்தான் அப்பா தப்பை அட்டாலியில் போட்டதை நான் ஒருபோதும் தவறு என்று சொல்லமாட்டேன். பறையை வீசி எறிந்த தலைமுறை கலையை அழித்த தலைமுறை அல்ல. கட்டாய வேலையை மறுத்த தலைமுறை. இன்று பறையைக் கையில் எடுத்துக் கொண்டாடும் நாம், அந்த மறுப்பின் மேல் நின்றுதான் கொண்டாடுகிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது.

எங்கள் ஊருக்கு இதில் ஒரு கதை உண்டு. 2016 மார்ச் 13. நான் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதிக்கொண்டிருந்தேன். உடுமலைப் பேருந்து நிலையத்தருகே, பட்டப்பகலில், குமரலிங்கத்தைச் சேர்ந்த பொறியியல் மாணவர் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். சாதி கடந்து கௌசல்யாவை மணந்ததுதான் காரணம். கௌசல்யாவும் வெட்டுப்பட்டுப் பிழைத்தார். கேமராவில் பதிவான அந்தக் காட்சியை நாடே பார்த்தது. என் அக்காவின் செல்போனுக்கு வந்த பதிவில் ஒலியே இல்லை. அத்தனை பேர் நின்ற இடத்தில் யார் கத்தினார்கள், யார் கத்தவில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பின்னாளில் கௌசல்யா பறை கற்றுக்கொண்டு பொதுமேடைகளில் அடித்தார். சாவுக்குக் கூப்பிட்டு அடிக்க வைத்த கருவி, ஒரு சாவுக்கு நீதி கேட்டு அடிக்கப்பட்டது. பறையை வேறு காதால் கேட்க நான் பழகியது அதன் பிறகுதான்.

மாற்றங்கள் வரவே செய்கின்றன. 2020 முதல் நீலம் பண்பாட்டு மையம் ‘மார்கழியில் மக்களிசை’ நடத்துகிறது. 2025இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. மேடை கிடைக்கிறது, விருது கிடைக்கிறது. வகுப்பறையின் கரும்பலகைக் கோடு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அந்தக் கோட்டின் மறுபாதியைப் பற்றியும் பேச வேண்டும். ஒலி மாசு பற்றிய பாடத்தில் இரைச்சலுக்கு இன்னொரு வரையறை தருவார்கள்: வேண்டாத ஒலி. யாருக்கு வேண்டாத ஒலி என்று பாடம் கேட்பதில்லை.

என் அக்கா பதினேழு வயதில் ஒரு நூல் மில்லுக்குப் போனாள். மூன்று ஆண்டு முடித்தால் மொத்தமாகப் பணம் என்று சொல்லி, பெண் பிள்ளைகளை விடுதியில் தங்கவைத்து வேலை வாங்கிய காலம் அது. கோவை, திருப்பூர், திண்டுக்கல் மாவட்டங்களில் எத்தனையோ தலித் வீடுகளிலிருந்து அக்காக்கள் அப்படிப் போனார்கள். என் அக்கா அதன் பிறகும் மில்லிலேயே இருந்தாள். பத்தாண்டுகள் ஸ்பின்னிங் பிரிவில். அவள் சம்பளத்தில்தான் நான் ஒலியியல் படித்தேன். அங்கே பக்கத்தில் நிற்பவளிடமும் காதருகே போய்க் கத்தித்தான் பேச வேண்டும் என்பாள். ஒரு கை தொலைவில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அங்கே 85 டெசிபலுக்கு மேல் இருக்கும் என்பது ஒலியியலில் தோராயமான ஒரு கணக்கு.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. தொழிற்சாலைக்குள் எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் வரை அனுமதி. இரண்டுக்கும் வேறுபாடு 35 தானே என்று நினைக்கக் கூடாது. டெசிபல் மடக்கை அளவு. ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் ஒலியின் செறிவு பத்து மடங்காகும். 35 டெசிபல் என்றால் மூவாயிரம் மடங்குக்கும் மேல். வீடும் ஆலையும் ஒன்றல்ல என்று சொல்லலாம். காது ஒன்றுதானே? அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் எட்டு மணி நேரத்துக்கு 85ஐத்தான் பரிந்துரைக்கிறது.

தொடர்ந்த இரைச்சலில் முதலில் சாவது உட்செவியில் உள்ள மயிர்ச்செல்கள். அவை மறுபடி முளைப்பதில்லை. பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் அருகே உள்ள உயர் அதிர்வெண்களில்தான் இழப்பு தொடங்கும். உயிரெழுத்துகளின் ஒலி கேட்கும், ச, த போன்ற மெய்யொலிகள் நழுவும். எதிரில் இருப்பவர் பேசுவது காதில் விழும், என்ன பேசினார் என்பது புரியாது. இதைப் புத்தகத்தில் படித்த அன்றுதான் அக்காவை எனக்குப் புரிந்தது. கூப்பிட்டால் திரும்பமாட்டாள், திமிர் என்று மாமியார் வீட்டில் பேச்சு. போனில் பேசும்போது “ஆங்? ஆங்?” என்பாள். முப்பது வயதைக்கூட அப்போது அவள் தொடவில்லை. இரைச்சலால் வரும் கேள்வித்திறன் இழப்பு, இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருக்கிறது. இதை அக்காவுக்கோ கூட வேலை செய்தவர்களுக்கோ யாரும் சொன்னதில்லை. அவர்கள் காதை யாரும் சோதித்ததும் இல்லை.

ஊரில் தப்பு அரை மணி நேரம் ஒலித்தால் அது இரைச்சல். மில்லில் பத்தாண்டு ஒலித்தது உற்பத்தி. எங்கள் கை எழுப்பும் ஒலி இசையாகாது, எங்கள் காது இழக்கும் ஒலி இழப்பாகாது. இரண்டையும் ஒரே கோடுதான் பிரிக்கிறது.

இளம் தோழர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். இயற்பியலைப் பார்ப்பனர்களின் படிப்பு என்று விட்டுவிட்டு வராதீர்கள். அலைச் சமன்பாட்டுக்குச் சாதி இல்லை. எந்த ஒலியை ஆய்வகத்துக்குள் கொண்டுவருவது என்ற முடிவுக்கு இருக்கிறது. அந்த முடிவை எடுக்கும் இடத்தில் நாம் உட்கார வேண்டும். பாடத்திட்டக் குழுவிடம் கேளுங்கள்: சோனாமீட்டருக்குப் பக்கத்தில் ஒரு பறை, ஒரு உறுமி, ஒரு திடும். செலவு பெரிதல்ல. இளங்கலைத் திட்ட ஆய்வுக்குக் காய்ச்சுவதற்கு முன்னும் பின்னும் பறையின் அலைமாலையை எடுங்கள். அந்தக் கலைஞரின் பெயரை நன்றியுரையில் ஒதுக்காமல் ஆசிரியர்களில் ஒருவராகப் போடுங்கள். ஆகென் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபைபாக்ஸ் என்ற செயலி இலவசமாகக் கிடைக்கிறது. கையில் உள்ள செல்போனே அதிர்வெண்ணைப் பிரித்துக் காட்டும். தொழிற்சங்கத்தில் இருப்பவர்கள் ஆண்டுக்கொரு முறை ஒவ்வொரு தொழிலாளிக்கும் காது பரிசோதனை கேளுங்கள். உங்கள் வீட்டு அக்காவை ஒருமுறை காது மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

போன தை மாதம் அட்டாலியிலிருந்து தாத்தாவின் தப்பை நான் இறக்கினேன். தோல் தொய்ந்து போயிருந்தது. செல்போனை எதிரில் வைத்து அடித்தேன். அப்பா வாசலில் நின்று பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். “காய்ச்சாம அடிச்சா அப்படித்தான் கண்ணு இருக்கும்” என்றார். அவரே கொஞ்சம் வைக்கோல் கொண்டுவந்து பற்றவைத்தார். தப்பைத் திருப்பித் திருப்பிக் காட்டி, ஒரு விரலால் தட்டி, காதருகே வைத்துக் கேட்டார். போதும் என்று கொடுத்தார். மறுபடி அடித்தேன். திரையில் இருந்த கோடுகள் எல்லாம் வலப்பக்கமாக, உயர் அதிர்வெண்ணுக்கு நகர்ந்திருந்தன. அவரிடம் காட்டினேன்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “படிக்கறதுக்குன்னா அடி கண்ணு. எவனோ கூப்பிடறான்னு மட்டும் அடிக்கப் போகாத.”